நகர மன்ற ஏலக்குத்தகை (டெண்டர்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் சுற்றி வளைக்காத பதில்களும்

இரண்டு வகை ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருந்து மாதா மாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டிவிட்டு, அந்தக் காசு எங்கே போகிறது என்று மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மட்டும் யோசிக்கிறவர்கள் ஒரு வகை. சாயம், குழாய், மின்வேலை, துப்புரவு என்று கொஞ்சம் ஆட்களை வைத்துச் சின்னதாகக் கம்பெனி நடத்தி, நகர மன்ற வேலை ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்பும் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேலை யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, எழுதியபடி செய்தார்களா என்று யார் மேலே ஏறிப் பார்த்தார்கள் என்ற இரண்டையும் யாருமே கேட்பதில்லை. எனக்கு அதில்தான் கண்.

நகர மன்றம் என்பது அரசாங்க அலுவலகம்தானே?

இல்லை. 1988இல் வந்த நகர மன்றச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி அமைப்பு அது. அதற்கு முன்னால் புளோக்கைக் கூட்டுவதிலிருந்து தண்ணீர்த் தொட்டி கழுவுவது வரை எல்லாவற்றையும் வீவகதான் பார்த்துக்கொண்டது. 1986இல் அங் மோ கியோவில் சோதனைக்கு ஆரம்பித்துப் பார்த்து, அப்புறம் எல்லாப் பேட்டைகளுக்கும் கொண்டுவந்தார்கள். நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் மன்றத்தை நடத்துகிறார்கள், தலைவரும் அவர்களில் ஒருவர்தான், கூடவே நியமன உறுப்பினர்களும் உண்டு. அன்றாட வேலையைப் பல மன்றங்கள் நிர்வாக முகவர் எனப்படும் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கின்றன, சில மன்றங்கள் சொந்த ஊழியர்களை வைத்தே ஓட்டுகின்றன. ஆக, நாடாளுமன்றத்தில் யார் பேச வேண்டும் என்று முடிவு செய்யும் அதே ஓட்டில்தான் உங்கள் புளோக்கு மின்தூக்கியை யார் பராமரிக்க வேண்டும் என்பதும் முடிவாகிறது. இதைச் சொன்னால் பல வருடமாக ஓட்டுப் போடுகிறவர்கள்கூட "அப்படியா?" என்கிறார்கள்.

ஊரில் இருக்கிற நகராட்சி, மாநகராட்சி மாதிரியா?

பெயரில்தான் ஒற்றுமை. ஊரில் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று எல்லாமே நகராட்சித் தலையில் இருக்கும். இங்கே நகர மன்றத்தின் கை வீவக பேட்டையின் பொது இடங்களைத் தாண்டி நீளாது.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் உண்மையான நகரசபை இருந்தது. 1951இல் நகர அந்தஸ்து வந்தது, 1957 டிசம்பரில் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயரானார், 1959இல் அந்தச் சபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நம் தாத்தாக்கள் பலர் "முனிசிபல்" வேலைக்கும் பொதுப்பணி இலாகா வேலைக்கும் வந்தவர்கள்தான், சாலை போட்டவர்களும் சாக்கடை வெட்டியவர்களும் அவர்கள்தான். இப்போது இருக்கும் ஐந்து மேயர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கானவர்கள், அவர்களிடம் போய்ச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொன்னால் பாவம், அவர்களும்தான் என்ன செய்வார்கள்.

அப்படியானால் எது யார் வேலை?

கீழ்த்தளம், தாழ்வாரம், படிக்கட்டு, மின்தூக்கி, குப்பைக் குழாய், புளோக்கின் வெளிச்சுவர், கூரை, கூரைத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் நகர மன்றம். பொதுச் சாலையும் அதன் விளக்கும் நிலப் போக்குவரத்து ஆணையம். பெரிய வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகம். பூங்காவும் சாலையோர மரமும் தேசியப் பூங்காக் கழகம். கார் நிறுத்தக் கட்டணமும் அபராதமும் வீவக. வீட்டுக்குள்ளே கூரையிலிருந்து சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, அது உங்கள் பொறுப்பு, உங்கள் காசு. இதைக் கேட்டதும் பலர் முகம் மாறும், ஆனால் விதி அப்படித்தான்.

இந்தக் குழப்பம் நம் மண்டையில் மட்டும் இல்லை. 2014 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். ஒரு நடைபாதை ஓரத்தில் கிடந்த குச்சியை எடுப்பது யார் என்று பார்த்தால், அந்தச் சின்ன இடத்தையே பல அமைப்புகள் பங்குபோட்டு வைத்திருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவை அலுவலகம் வந்தது, 2015 ஜனவரியில் ஒன்சர்வீஸ் செயலி வந்தது. படம் எடுத்து அதில் போட்டால் போதும், யார் வேலை என்று அவர்களே பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கட்டும் கட்டணமும் அரசாங்கத்தின் மானியமும். வந்த காசை எல்லாம் அந்த வருடமே செலவழித்துவிட முடியாது. 2017 ஏப்ரலிலிருந்து இருக்கும் விதிப்படி, கட்டண வருமானத்திலும் மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காடு நீண்டகால நிதிக்கும் 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கும் போக வேண்டும். 100 வெள்ளியில் 40 வெள்ளி இப்படி எடுத்து வைக்கப்படுகிறது. மிச்சத்தில்தான் கூட்டுவது, பெருக்குவது, புல் வெட்டுவது, விளக்கு எரிவது, மின்தூக்கிப் பராமரிப்பு, ஊழியர் சம்பளம் எல்லாம் நடக்க வேண்டும். கூரை மாற்றுவது, மின்கம்பி மாற்றுவது, தண்ணீர்ப் பம்பு மாற்றுவது, புளோக்குக்குச் சாயம் அடிப்பது போன்ற பெரிய வேலைகள் நீண்டகால நிதியிலிருந்து வருகின்றன. "கூட்டுவதற்கு ஆள் போடக் காசில்லை என்கிறார்கள், ஆனால் சாயத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் சத்தம் போட்டுக் கேட்டார். கேள்வி நியாயம்தான். பதில், இரண்டும் இரண்டு உண்டியல், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட விதி இடம் தராது.

ஒவ்வொரு மன்றத்தின் கணக்கும் தணிக்கையாகி நாடாளுமன்றத்துக்குப் போகிறது, ஆண்டறிக்கையை மன்றத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். கொஞ்சம் அலுப்பான வாசிப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏலக்குத்தகை அறிவிப்பை எங்கே பார்ப்பது?

அமைச்சுகளும் ஆணையங்களும் கழகங்களும் ஜீபிஸ் என்ற அரசாங்க இணைய வாசலைப் பயன்படுத்துகின்றன. பல ஆண்டுகளாக அங்கே இருந்து வரும் கணக்கு இது: 6,000 வெள்ளி வரை சின்னக் கொள்முதல், அதற்கு மேல் 90,000 வரை விலைக்குறிப்பு கேட்பார்கள், 90,000ஐத் தாண்டினால் ஏலக்குத்தகை. ஏலக்குத்தகை மூடியதும் யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம். தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, காசும் கேட்பதில்லை, ஆனாலும் நம் ஆட்களில் பாதிப் பேர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

நகர மன்றங்களுக்கு என்று தனி நிதி விதிகள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் இணையத்தளத்திலும் நாளிதழிலும் அறிவிப்பது வழக்கம். அறிவிப்பில் வேலையின் பெயர், தேவையான பதிவு, ஆவணக் கட்டணம், தளத்தைச் சுற்றிக் காட்டும் நாள், மூடும் நேரம் எல்லாம் இருக்கும். சுற்றிக் காட்டும் நாளுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று போட்டிருந்தால் வராதவர் அதோடு அவுட். மூடும் நேரமும் அப்படித்தான், நான்கு மணி என்றால் நான்கு மணி. மழை, ஜாம், மின்தூக்கி வரவில்லை என்றெல்லாம் அங்கே போய்ச் சொல்ல முடியாது.

சின்னக் கம்பெனி கலந்துகொள்ள முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும், ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். முதலில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் குத்தகையாளர் பதிவு. வேலைக்கு ஏற்றபடி பிரிவு இருக்கிறது. பொதுக் கட்டட வேலைக்கு சிடபிள்யூ01, அதில் சி3இலிருந்து ஏ1 வரை தரங்கள், ஒவ்வொரு தரத்துக்கும் எவ்வளவு பெரிய வேலைக்கு விலை போடலாம் என்ற வரம்பு, ஏ1க்கு மட்டும் வரம்பு இல்லை. சாயம், பழுதுபார்ப்பு வேலைக்கு சிஆர்09, துப்புரவுக்கு எஃப்எம்02, தோட்ட வேலைக்கு எஃப்எம்03. பதிவு வேறு, உரிமம் வேறு என்பதை மறக்க வேண்டாம். கட்டட அனுமதி தேவைப்படும் வேலைக்குக் கட்டுநர் உரிமம் வேண்டும், அதில் இரண்டாம் வகை என்றால் 60 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட வேலையைத் தொட முடியாது. துப்புரவுக் கம்பெனிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் தனி.

பிஸ்சேஃப் என்ற வேலையிடப் பாதுகாப்புச் சான்றில் மூன்றாம் நிலையைப் பல இடங்களில் கேட்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் மதிப்பெண்ணில் குறைந்தது 5 விழுக்காடு வேலையிடப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கப்படுகிறது, 25 குற்றப் புள்ளி சேர்ந்த கம்பெனி கொஞ்ச காலத்துக்குப் போட்டியிலேயே நிற்க முடியாது. அரசாங்கக் கொள்முதலுக்கு 2023 மார்ச்சிலிருந்து படிப்படியான சம்பள முத்திரையும், அதாவது ஊழியருக்கு நிர்ணயித்த சம்பளத்தைக் கொடுக்கிற கம்பெனி என்ற சான்றும், வந்துவிட்டது.

எல்லாம் இருந்தும் சின்னக் கம்பெனி சறுக்குவது பணப்புழக்கத்தில். வேலை கிடைத்தால் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு என்பது சாதாரணமாகப் பார்க்கும் அளவு. ஆட்களுக்குச் சம்பளம், வெளிநாட்டு ஊழியர் தீர்வை, தங்குவிடுதி வாடகை, சாயக் கடைக்காரரின் பில், எல்லாம் உங்களுக்குக் காசு வருவதற்கு முன்னாலேயே கதவைத் தட்டும். மூன்று மாதம் கையிலிருந்து ஓட்டத் தெம்பில்லை என்றால் பெரிய வேலைக்கு ஆசைப்படாதீர்கள். முதலில் ஒரு நல்ல முதன்மைக் குத்தகையாளரிடம் சப்கானாக, அதாவது துணைக் குத்தகையாளராக, ஓரிரு வேலை முடித்து, அந்த வேலைச் சான்றை வைத்துக்கொண்டு சின்னதாக ஆரம்பிப்பதே நல்லது.

விலையை எப்படிப் போடுகிறார்கள்? "மைனஸ் 28" என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பெரும்பாலும் விலைப்பட்டியல் முறை. கதவுத் தாழ்ப்பாள் ஒன்று மாற்ற இவ்வளவு, ஒரு மீட்டர் குழாய் மாற்ற இவ்வளவு, ஒரு சதுர மீட்டர் தரை ஓடு பெயர்த்துப் பதிக்க இவ்வளவு என்று நூற்றுக்கணக்கான வரிகளை மன்றமே விலையோடு அச்சடித்துக் கொடுத்துவிடும். நீங்கள் அந்தப் பட்டியலுக்கு மேலேயோ கீழேயோ எத்தனை விழுக்காடு என்று ஒரே ஓர் எண்ணைப் போடுகிறீர்கள். உதாரணத்துக்கு, பட்டியல்படி ஆண்டு வேலை 500,000 வெள்ளி என்று மதிப்பிட்டால், "மைனஸ் 28" போட்டவரின் விலை 360,000, "பிளஸ் 4" போட்டவரின் விலை 520,000.

இப்போது யோசியுங்கள். பட்டியல் விலையே ஓரளவு நியாயமாகப் போட்டதுதான் என்றால், 28 விழுக்காடு குறைத்தவர் எங்கிருந்து சம்பாதிப்பார்? சிலர் உண்மையிலேயே திறமைசாலிகள், பக்கத்துப் பேட்டையிலும் வேலை வைத்திருப்பார்கள், லாரியும் ஆளும் வீணாக ஓடாது. மற்றவர்கள் அளவெடுப்பில் எடுப்பார்கள். 6 மீட்டர் குழாய் 8 மீட்டர் ஆகும், ஒட்டுப் போட வேண்டிய இடத்தில் முழுசாக மாற்றியதாகக் கணக்கு வரும். அதனால் இந்த மாதிரி ஒப்பந்தத்தில் கையில் டேப்பு வைத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கிற தள அதிகாரி ஒருவர் இருந்தால், ஏலக்குத்தகைக் குழு மொத்தமும் சேர்ந்து மிச்சப்படுத்துவதைவிட அவர் ஒருவரே அதிகம் மிச்சப்படுத்துவார். அவரையோ யாருக்கும் பிடிக்காது.

எப்படிப் பார்த்தாலும் குறைந்த விலைக்குத்தானே கொடுப்பார்கள்?

கட்டாயம் இல்லை. பொதுத்துறைக் கட்டுமானத்தில் விலைக்கும் தரத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை பல வருடமாக இருக்கிறது. பழைய வேலைகள், ஆள்பலம், பாதுகாப்புப் பதிவு, நிதிநிலை எல்லாம் தரக் கணக்கில் வரும். ஆனாலும் விலைக்கு எடை அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை.

துப்புரவு வேலையில் கதை கொஞ்சம் வேறு. 2014 செப்டம்பரிலிருந்து துப்புரவு உரிமம் வேண்டுமென்றால் படிப்படியான சம்பள முறையைப் பின்பற்றியே ஆக வேண்டும். சம்பளத்துக்குக் கீழ்வரம்பு இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே வரம்பு. அப்படியிருக்க ஒருவர் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துப் போட்டால், இயந்திரம் அதிகம் வைத்திருக்கிறார், அல்லது ஆளைக் குறைக்கப் போகிறார். ஆறு புளோக்குக்கு ஒருவர் கூட்டிய இடத்தில் எட்டுப் புளோக்குக்கு ஒருவர் என்று ஆகும். காலையில் நீங்கள் பார்த்து "குட்மார்னிங்" சொல்லும் அந்தத் துப்புரவு ஆன்ட்டி ஏன் இப்போதெல்லாம் நின்று பேசுவதில்லை என்பதற்குப் பதில் அந்த விலைப்பக்கத்தில்தான் இருக்கிறது.

"சும்மா ஒரு கொட்டேஷன் போடுங்கள் அண்ணே, கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும்" என்று நண்பர் கேட்கிறார். உதவலாமா?

வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். நட்புக்காகச் செய்தாலும் காசு வாங்காமல் செய்தாலும் அது போட்டித்தன்மைச் சட்டம் தடைசெய்யும் கூட்டு ஏமாற்று. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் தீர்ப்பே இதைப் பற்றியதுதான், 2008இல் ஆறு பூச்சி ஒழிப்புக் கம்பெனிகளுக்கு அபராதம். 2010இல் மின்வேலை செய்யும் 14 கம்பெனிகள் மாட்டின. 2020 டிசம்பரில் நீச்சல் குளம் பராமரிக்கும் மூன்று கம்பெனிகளுக்குச் சேர்த்து 400,000 வெள்ளிக்கு மேல் அபராதம். எல்லாம் நம்மைப் போன்ற தொழில்கள்தான். அபராதம் சிங்கப்பூர் விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடலாம். லாபத்தில் இல்லை, விற்றுமுதலில்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: மூன்று பேரின் விலைத்தாளிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே கணினியில் சேமித்த கோப்பு, எல்லா வரியிலும் சொல்லி வைத்தாற்போல ஒரே விகிதத்தில் கூடுதல். இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் நண்பரே. விசாரணை தொடங்குவதற்கு முன்னால் முதலில் போய் ஒப்புக்கொள்பவருக்கு முழு அபராத விலக்கும் கிடைக்க வழி இருக்கிறது. அவர் முந்திக்கொண்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

"நீ போடாதே, நான் உனக்கு ஏதாவது பார்த்துச் செய்கிறேன்" என்பது இன்னும் மோசம். பொது அமைப்பின் ஏலக்குத்தகையிலிருந்து விலகிக்கொள்ளக் காசு கொடுப்பதும் வாங்குவதும் ஊழல் தடுப்புச் சட்டத்தில் தனிப் பிரிவாகவே இருக்கிறது.

தீபாவளிக்கு ஒரு பலகாரப் பெட்டி கொடுப்பதுகூடத் தப்பா?

வேலை தரும் இடத்தில் இருப்பவருக்கா? கொடுக்காதீர்கள். அவரும் திருப்பி அனுப்பிவிடுவார் அல்லது அலுவலகத்தில் ஒப்படைத்து எழுதி வைப்பார், இரண்டு பேருக்கும் சங்கடம். "இது எங்கள் வழக்கம்" என்று நீதிமன்றத்தில் சொல்லவும் முடியாது, தொழில் வழக்கம் என்ற வாதத்தைச் சட்டமே ஏற்றுக்கொள்வதில்லை.

பெட்டியில் ஆரம்பிப்பது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அங் மோ கியோ நகர மன்ற வழக்கைப் பாருங்கள். அதன் முன்னாள் பொது மேலாளர் ஒருவர், மன்றத்தின் வேலைகளைச் செய்துவந்த கம்பெனிகளின் இயக்குநரிடமிருந்து 86,000 வெள்ளிக்கு மேல் ஆதாயம் பெற்றதாகத் தீர்ப்பானது. கட்டுக்கட்டாக நோட்டு என்று நினைக்காதீர்கள். விருந்து, கேளிக்கை, காரில் தள்ளுபடி, உறவுக்காரருக்கு வேலை, இப்படித்தான் சேர்ந்தது. 2019 நவம்பரில் 27 மாதச் சிறை, 2020இல் மேல்முறையீட்டில் அது 39 மாதமானது. கொடுத்தவருக்கும் 21 மாதம் 33 ஆனது. பொது அமைப்பின் ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட லஞ்சத்துக்குச் சட்டத்தில் உச்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை.

ஏலக்குத்தகையே இல்லாமல் வேலை கொடுக்க முடியுமா?

அவசரம், வேறு யாராலும் செய்ய முடியாத வேலை போன்ற சில நிலைகளில் முடியும், காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். இதில் இரண்டு பெரிய விவகாரங்கள் நடந்திருக்கின்றன, கட்சி பார்த்து ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

2010இல் மக்கள் செயல் கட்சியின் 14 நகர மன்றங்கள் தங்கள் கணினி மென்பொருளை 140,000 வெள்ளிக்கு ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுத்தன. அந்தக் கம்பெனி அதே கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களுடையது. ஐந்து கம்பெனிகள் ஆவணம் வாங்கியிருந்தும் விலை போட்டது அந்த ஒன்று மட்டும். 2013 மே மாதம் வந்த தேசிய வளர்ச்சி அமைச்சின் ஆய்வு, சட்டவிதி மீறல் இல்லை என்றது, ஆனால் நகர மன்றங்களின் அடிப்படையையே மறுபடி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

இன்னொன்று, 2011இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்ற பிறகு, நகர மன்றம் ஏலக்குத்தகை விடாமலே நிர்வாக முகவரை நியமித்தது. 2015 பிப்ரவரியில் தலைமைக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை, 2017இல் வழக்கு, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அந்த மன்றத்தை நடத்திய கட்சித் தலைவர்களுக்கு எதிராக. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நியமனத்தில் அவர்கள் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்று சொல்லிப் பெரும்பகுதியை மாற்றியது, பணம் பட்டுவாடா செய்யும் கட்டுப்பாட்டில் கவனக்குறைவு இருந்தது என்றது. 2024இல் சமரசமாக முடிந்தது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, நகர மன்றங்களைச் சோதிக்கும் அதிகாரம் அமைச்சுக்குக் கூடியது.

முதல் விவகாரத்தில் ஏலக்குத்தகை இருந்தது, போட்டி இல்லை. இரண்டாவதில் ஏலக்குத்தகையே இல்லை. என் கணக்கில் இரண்டுக்கும் பாடம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பில்லில் கையெழுத்துப் போடுகிறவரும் பில்லை அனுப்புகிறவரும் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சப்கான் வேலை முடித்துவிட்டேன், "எனக்கு மேலே இருந்து காசு வரவில்லை" என்கிறார் முதன்மைக் குத்தகையாளர். என்ன செய்வது?

இந்தச் சாக்கு 2005 ஏப்ரலிலேயே செத்துவிட்டது. கட்டட, கட்டுமானத் தொழில் பணப் பாதுகாப்புச் சட்டப்படி, எனக்கு வந்தால்தான் உனக்கு என்ற ஒப்பந்த வரிக்கு மதிப்பே இல்லை. சாயம் பூசுவதும் பழுதுபார்ப்பதும் இந்தச் சட்டத்தில் அடங்கும். செய்த வேலைக்கு முறையாகப் பணக் கோரிக்கை அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் "அண்ணே காசு" என்று அனுப்புவது கோரிக்கை ஆகாது. எந்த ஒப்பந்தம், எந்தக் காலத்து வேலை, எவ்வளவு, எப்படிக் கணக்கு என்று இருக்க வேண்டும். அவர் அதிகபட்சம் 21 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ, இன்னும் ஏழு நாள் பேசித் தீர்க்க இடம் கொடுத்துவிட்டு, தீர்ப்பாளரிடம் போகலாம், விண்ணப்பம் சிங்கப்பூர் சமரச நிலையத்தில். அங்கே போகவும் ஏழு நாள் கெடுதான், தூங்கிவிடாதீர்கள். பதிலே தராமல் இருந்தவர் பிறகு அங்கே வந்து புதுசாகக் குறை சொல்ல முடியாது, இதுதான் இந்தச் சட்டத்தின் பல்.

நம் ஆட்கள் இதைப் பயன்படுத்தத் தயங்குவது, அடுத்த வேலை தர மாட்டாரே என்ற பயத்தில். காசு தராதவரின் அடுத்த வேலை எதற்கு?

எங்கள் புளோக்குக்குச் சாயம் பூசப் போகிறார்கள். குடியிருப்பவர் எதைப் பார்க்கலாம்?

சாயம் 5 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. வண்ணத்தை நீங்கள் தேர்வு செய்ய மூன்று நான்கு படங்களைக் கீழ்த்தளத்தில் மாட்டுவார்கள், எல்லாரும் அங்கே நின்று மஞ்சளா நீலமா என்று வாதாடுவார்கள். வண்ணம் முக்கியமே இல்லை. அடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

முதலில் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுவரைக் கழுவ வேண்டும். அன்றைக்கு ஜன்னலை மூடச் சொல்லி, மூங்கில் கழியில் துணி போடாதே என்று மின்தூக்கி வாசலில் ஒட்டுவார்கள். அப்புறம் சிமெண்ட் பெயர்ந்த இடங்களைத் தட்டிப் பார்த்து உடைத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, சாந்து அடைக்க வேண்டும். விரிசலுக்கு ஒட்டு. அதன் மேல் அடிப்பூச்சு, காய்ந்த பிறகு மேல்பூச்சு இரண்டு. அவசரப்படுகிறவர்கள் கைவைப்பது அடிப்பூச்சிலும் இரண்டாவது மேல்பூச்சிலும்தான், ஏனென்றால் இரண்டும் கீழிருந்து பார்த்தால் தெரியாது. பாசி பிடித்த சுவரில் ஒன்றிரண்டு வருடத்தில் தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் குத்தகையாளர் குறையைச் சரிசெய்து தர வேண்டிய ஒரு வருடக் குறைநீக்கக் காலம் முடிந்திருக்கலாம்.

வாளிகளை எண்ணுங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத ஓரச் சுவர் 40 மீட்டர் உயரம், 12 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 480 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 960. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும் என்றால் 96 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் ஐந்து. அந்தச் சுவர் முடிந்து தொங்குமேடை இறங்கும்போது கீழே இரண்டே காலி வாளி இருந்தால், படம் எடுத்து நாளும் நேரமும் போட்டு நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் தம்பிகளிடம் சண்டைக்குப் போகாதீர்கள், எத்தனை பூச்சு என்று முடிவு செய்வது அவர்கள் இல்லை.

எங்களிடம் ஓட்டுக் கேட்பது எந்த வேலைக்கு?

மேம்பாட்டுத் திட்டங்களுக்கு. வீட்டுக்குள் செய்யும் வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கும், பேட்டையில் செய்யும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்துக்கும் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். முன்னதை வீவக நடத்துகிறது, பின்னதை நகர மன்றம் நடத்துகிறது, அதன் செலவு அரசாங்கத்தினுடையது. வழக்கமான பராமரிப்புக்கு ஓட்டெல்லாம் கிடையாது.

முதல்முறையாக ஏலக்குத்தகை போடப் போகிறேன். என்ன சொல்வீர்கள்?

சுற்றிக் காட்டும் நாளுக்குப் பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள். ஆவணத்தில் 12 புளோக்கு என்று இருந்தால் 12ஐயும் நடந்து பாருங்கள், மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறதா, லாரி எங்கே நிறுத்தலாம், தண்ணீர் எடுக்க விடுவார்களா, சத்தம் வரும் வேலைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமத இழப்பீடு ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பலர் வேலை முடிந்த பிறகுதான் அதைப் படிக்கிறார்கள். புரியாததை எழுத்தில் கேளுங்கள். ஆனால் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்ப மாட்டார்கள், ஆவணம் வாங்கிய எல்லாருக்கும் போகும். அதனால் எங்கே எப்படி மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைக் கேள்வியிலேயே காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.